ஏழு பத்துக்கு மாத்திரை, ஏழு நாற்பதுக்குத் தட்டு

ஜனவரி 12 – 41.0 கிலோ
ஜனவரி 19 – 41.2 கிலோ
ஜனவரி 26 – 41.3 கிலோ
பிப்ரவரி 2 – 40.1 கிலோ
பிப்ரவரி 9 – 40.4 கிலோ
பிப்ரவரி 16 – 40.6 கிலோ
பிப்ரவரி 23 – 40.5 கிலோ
மார்ச் 2 – 40.2 கிலோ

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தம் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில், வெள்ளிக்கிழமை தோறும் காலை ஆறே காலுக்கு எழுதிய கணக்கு இது. எடை அவருடைய மனைவியின் எடை. வர வேண்டியது நாற்பத்தைந்து கிலோ. எட்டு வெள்ளிக்கிழமைகளில் எண்ணூறு கிராம் இறங்கிவிட்டதாகத் தாள் சொல்கிறது. தாள் சொல்வது உண்மையில்லை. ஆனால் மெக்கானிக் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் வேலை. நகரத்தில் நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடின. அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடி, ஐம்பத்து நாலு படி. வீட்டில் இரண்டே பேர், அறையும் இரண்டே. அடுப்பில் இரண்டு பர்னர், அதில் இடதுபக்கத்தது ஒன்றரை வருடமாக எரியவில்லை. ஊரில் எது நின்றாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவர், தம் வீட்டு அடுப்பை மட்டும் 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுபது ஞாயிற்றுக்கிழமைகளாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மனைவி ரயில் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிறவள். பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்கிற ஆட்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "கையை எடுங்க சார், தராசுக்குக் கூச்சமா இருக்காம்" என்பாள். வரிசை மொத்தமும் சிரிக்கும்.

போன வருடக் கடைசியில் அவள் சிரிப்புக் குறைந்தது. சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடலில் ஓர் இடம் சுருங்கிப்போயிருக்கிறது, அந்தத் துண்டை வெட்டியெடுத்துத் தைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஜனவரி ஒன்பதாம் தேதி வந்த முதல் கடிதத்தில் விவரம் இருந்தது. ஏப்ரல் முப்பதுக்குள் நாற்பத்தைந்து கிலோ வந்தால் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். வராவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து ஊட்டுவார்கள். எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. அதற்குள் அந்த இடம் முழுவதுமாக அடைத்துக்கொண்டால் உடனே வெட்ட வேண்டிவரும். இன்றைய உடம்பு அதைத் தாங்காது. தோல், விதை, நார் எதுவும் கூடாது. எல்லாம் குழைய வேக வேண்டும். இரவு மாத்திரை போட்டு அரைமணி நேரத்தில் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும்.

பகலுக்குப் பாலும் வாழைப்பழமும் ரொட்டியும் அவள் பையில் போயின. சனி, ஞாயிறு அவளுடைய அக்கா வந்து சமைத்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சாப்பாடுதான் சிக்கல். அடுப்புப் பக்கம் நின்று வாசனை பிடித்தால் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆக, தேநீரைத் தவிர வேறெதையும் கொதிக்கவைத்து அறியாத மெக்கானிக்கின் கையில் கரண்டி வந்து சேர்ந்தது.

அவள் வீடு வருவது ஆறு ஐம்பது, அவர் வருவது ஆறு ஐம்பத்தைந்து. ஏழு பத்துக்கு மாத்திரை. ஏழு நாற்பதுக்குத் தட்டு.

முதல் நாள் அரிசியும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஒன்றாகப் போட்டு ஏற்றினார். ஐம்பத்தொரு நிமிடம் ஆனது. கிழங்கு கல்லாக இருந்தது, அடி கரியாக இருந்தது, நடுவில் மட்டும் இரண்டு கரண்டி சாப்பிடும்படி இருந்தது. மாத்திரை போட்ட வயிறு எரிய, அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"நடுவுல இருக்கறது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"சும்மா சொல்லாத."

"நிஜமாங்க. மேலயும் கீழயும்தான் சாப்பிட முடியல."

அன்றிரவே அக்காவிடம் தொலைபேசியில் பேசினார். பக்கத்தில் பென்சிலும் தாளும்.

"தண்ணி கொஞ்சம் தாராளமா விடுங்க தம்பி."

"தாராளம்னா எத்தனை மில்லி அக்கா?"

"மில்லியா? ஆளைப் பார்த்தா அளவு தெரியும், அது மாதிரிதான். கண்ணால பாருங்க."

"கண்ணால பார்த்துத்தான் இன்னிக்குக் கருக்கினேன்."

"அப்ப மூக்கால பாருங்க" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மெக்கானிக் தமக்குத் தெரிந்த வழியில் போனார். லிஃப்ட் பழுதானால் எந்த வேலைக்கு அதிக நேரம் பிடிக்குமோ அதை முதலில் தொடுவார்கள். மற்றதெல்லாம் அதன் நிழலில் முடியும். காலை ஆறு நாற்பதுக்கு நூற்றைம்பது கிராம் அரிசியையும் ஐம்பது கிராம் பாசிப்பருப்பையும் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார். இரண்டும் நாள் முழுக்க ஊறிக் கிடந்ததால் மாலையில் கால்மணி நேரத்தில் குழைந்தன. உருளைக்கிழங்கை வெட்டாமல் துருவினார். ஆறு நிமிடத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. தக்காளியைப் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரிலேயே ஒரு நிமிடம் முக்கியெடுத்தார். தோல் கழன்று வந்தது, விதையை வழித்தெறிந்த பின் சதையும் தண்ணீரும் சமையலுக்கே ஆயின. இரண்டாவது பாத்திரம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் ஏற்றி வைக்க இன்னொரு பர்னர் இல்லை.

மூன்றாம் வாரத்தில் இருபத்தேழு நிமிடத்துக்கு வந்தார். பொருள் இல்லாத நாளில் இருக்கிற பொருளை வைத்துச் சமாளிக்கவும் கை பழகியது. அரிசி ஊறவைக்க மறந்த ஒரு புதன்கிழமை, சேமியாவை நொறுக்கிப் போட்டு, பூசணித் துண்டுகளை மசித்து, பால் விட்டு, கடைசியில் சீஸைத் துருவிப் போட்டு இறக்கினார். பதினான்கு நிமிடம். அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொரு நாள் வீட்டில் ரொட்டியின் இரு முனைத் துண்டுகளும் மூன்று முட்டையும் ஒரு கேரட்டும்தான் இருந்தன. கேரட்டைத் துருவி வெண்ணெயில் வதக்கி, ரொட்டியின் ஓரத்தை நீக்கிப் பாலில் நனைத்துப் போட்டு, மேலே முட்டையை அடித்து ஊற்றி மூடிவைத்தார். திறந்தபோது அது உப்பி எழுந்து மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு என்னங்க?"

"பேரெல்லாம் இல்ல. இருந்ததைப் போட்டேன்."

"பேரு இல்லாத சரக்கை நாங்க ஏத்துக்க மாட்டோம்" என்று பார்சல் பாஷையில் ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்தாள். குழைந்த சோற்றின் மேல் முட்டையை உடைத்துவிட்டு நாலு நிமிடம் மூடிவைப்பது 'உடையும் பொருள்'. வெள்ளிக்கிழமை மிச்சமீதி எல்லாம் சேர்ந்து வருவது 'முகவரி இல்லாதது'. முள்ளில்லாத மீனையும் பீட்ரூட்டையும் சேர்த்து அவர் ஒரு முறை வைத்தது, ஊதா நிறத்தில் மீன் வாசனையோடு வந்தது. அதைப் பார்த்ததும் தட்டை இரண்டு விரலால் தள்ளி, "திருப்பி அனுப்பு" என்றாள். அன்று இருவரும் பாலும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். அவர் தாளின் ஓரத்தில் 'தி.அ.' என்று குறித்துக்கொண்டார். அந்த எழுத்து அந்தத் தாளில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது.

ஜனவரி இருபத்தாறில் எடை நாற்பத்தொன்று புள்ளி மூன்று. இரண்டு வாரத்தில் முந்நூறு கிராம், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஏறுதுல்ல? பின்ன என்ன. இன்னிக்கு இது போதும்" என்று பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டாள். மறுநாளும் வைத்தாள். ஜனவரி முப்பத்தொன்றில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மெக்கானிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வீட்டுத் தராசு நாற்பத்தைந்து காட்டி ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்து நாலே முக்கால் காட்டினால் என்ன செய்வது? அவர் தொழிலில் இதற்கு வழி உண்டு. லிஃப்டுக்குள் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் கயிறு அதைப்போலப் பல மடங்கு தாங்கும். அபாய மணியை நிஜ எல்லைக்கு முன்னாலேயே அடிக்கும்படி வைப்பார்கள். பயந்த ஆள் பத்திரமாக இறங்கிப்போவான். அதே வழியை வீட்டுக்கும் கொண்டுவந்தால் என்ன?

தாளில் ஒன்றரை கிலோ குறைத்து எழுதியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் காட்டியதற்கு மாறாக எழுத அவருக்குக் கை வராது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு பரிசோதனைத் தாளில்கூட அவர் பார்க்காத எண்ணை எழுதியதில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதி மாலை, அவள் குளிக்கப் போனபோது, கட்டிலுக்கடியில் இருந்த தராசை இழுத்து, அடியிலுள்ள திருகைத் திருப்பி முள்ளை ஒன்றரை கிலோ பின்னால் தள்ளிவைத்தார். மறுநாள் காலை தராசு என்ன காட்டியதோ அதை அப்படியே எழுதினார். மனசாட்சி உறுத்தவில்லை. குனிந்து பார்த்தால் தலைசுற்றுகிறது என்று அவள் எப்போதும் நேரே சுவரைப் பார்த்தபடிதான் தராசில் நிற்பாள். முள்ளைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை.

"நாற்பது புள்ளி ஒண்ணு."

"என்னது?" என்றாள் சுவரிடம்.

அன்றிரவு கிண்ணம் காலியானது. அடுத்த இரண்டு வாரமும் காலியானது. மெக்கானிக் உள்ளுக்குள் தம் முதுகில் தாமே தட்டிக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் விஷயம் கைமீறிப் போனது. வயிறு முட்டச் சாப்பிட்டும் எண் நாற்பதைவிட்டு நகரவில்லை என்றதும் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. கரண்டியைக் கிண்ணத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பாள். 'உடையும் பொருள்' வைத்தால்கூட மஞ்சள்கருவை மட்டும் தின்றுவிட்டுத் தள்ளிவைத்தாள். படியேறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஒரு முறை நின்று வந்தவள், இப்போது முதல் மாடியிலும் நின்றாள்.

"உள்ள போறது எல்லாம் எங்கதான் போகுது?" என்று ஒரு நாள் கேட்டாள். அவர் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பதில் அவருக்குத் தெரியும். சொன்னால் இனி எந்த எண்ணையும் நம்பமாட்டாள் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டார். திருகைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம் என்றும் நினைத்தார். ஒரே வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறியதாக, இருபத்திரண்டு வருடம் எடை போட்டவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. பார்சல் கவுண்டரில் மதியம் கூட்டமில்லை. பெரிய தராசுக்கு மேலே 'ஆட்கள் ஏறக் கூடாது' என்ற அறிவிப்பு இருந்தது. எழுதி ஒட்டியவள் அவள்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளே அதன் மேல் ஏறினாள். நாற்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். சீருடையும் செருப்பும் தொள்ளாயிரம் கிராம் என்று அவளுக்குக் கையே சொன்னது. கழற்றி நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. மீதி நாற்பத்தொன்று எழுநூறு.

அன்று மாலை ஆறு ஐம்பத்தைந்துக்கு மெக்கானிக் கதவைத் திறந்தபோது, தராசு சமையலறை நடுவில் இருந்தது. அதன் மேல் கடையில் கட்டிய முத்திரை பிரிக்காத அரிசிப் பை.

"ஏங்க, இந்தப் பை எத்தனை கிலோ?"

"அஞ்சு."

"தராசு மூணரைங்குது. பையை எடுத்துட்டா, ஒண்ணுமே இல்லாம பூஜ்யத்துக்குக் கீழ போய் நிக்குது. முள்ளைத் திருப்பினது யாரு, எலியா?"

அவர் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "நான்தான்."

"எதுக்கு?"

கயிறு, எட்டுப் பேர், அபாய மணி என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச்சொல்ல அவருக்கே அது மடத்தனமாகக் கேட்டது.

"நான் லிஃப்ட் இல்லீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நாலு வாரம். படுத்தா தூக்கம் வரல. இந்த உடம்புல எதுவும் ஒட்டாது, ஏப்ரல் வரைக்கும் இருக்க மாட்டேன்னு நினைச்சேன். அக்காகிட்ட சொல்லி என் புடவையெல்லாம் யாருக்குக் கொடுக்கணும்னுகூட யோசிச்சு வச்சுட்டேன். நீங்க பாட்டுக்குப் பக்கத்துல நின்னு நாற்பது, நாற்பதுன்னு படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

மெக்கானிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"அழுதா நேரம் நிக்காது. மணி ஏழு அஞ்சு" என்றாள்.

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். ஊறிய அரிசி, துருவிய கிழங்கு, தோலுரித்த தக்காளி, வெண்ணெய் நாற்பது கிராம். ஏழு முப்பத்தெட்டுக்குத் தட்டு வந்தது. அவள் கோபத்தோடே சாப்பிட்டாள், கோபத்தோடே இன்னொரு கரண்டி கேட்டாள், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, தராசின் திருகைப் பழையபடி பூஜ்யத்துக்குத் திருப்பிவைத்து, கதவில் ஒட்டியிருந்த தாளில் கடைசி ஐந்து எண்களுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒன்றரை கூட்டி எழுதினாள். 41.6, 41.9, 42.1, 42.0, 41.7.

"இனிமே தராசு என் வேலை. பாத்திரம் உங்க வேலை. ஒருத்தர் இடத்துல ஒருத்தர் கை வைக்கக் கூடாது."

"சரி."

"நாளைக்கு அந்தச் சேமியா."

அதன் பிறகு அவள் நாற்காலியைச் சமையலறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் திறந்திருந்தால் வாசனை அவ்வளவாகப் படுத்தவில்லை. அங்கிருந்தபடியே அதிகாரம் நடந்தது. "வெண்ணெய்க்கு இவ்வளவு கஞ்சத்தனம் எதுக்கு? தராசு என்கிட்ட இருக்கு, பயப்படாம போடுங்க." அவர் பீன்ஸைப் பார்த்தால் "நார்" என்பாள், வெண்டைக்காயைப் பார்த்தால் "விதை" என்பாள், அவர் பரிதாபமாகத் திரும்பவும் பூசணியை எடுப்பார். பூசணியும் பருப்பும், பூசணியும் மீனும், பூசணியும் ரவையும் என்று ஏழு விதம் அந்த மாதத்தில் ஆயிற்று. தராசில் நிற்கும்போது இப்போது அவளே எதையும் பிடிக்காமல் குனிந்து பார்த்தாள். தலை சுற்றத்தான் செய்தது. அவர் முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வந்தால், "கையை எடுங்க சார்" என்பாள்.

மார்ச் கடைசியில் நாற்பத்து மூன்றைத் தாண்டியது. ஏப்ரல் நடுவில் இரண்டாவது கடிதம் வந்து, முப்பதாம் தேதி காலை பத்து இருபதுக்கு வரச் சொன்னது. ஏப்ரல் இருபத்தேழு, கடைசி வெள்ளிக்கிழமை: 44.7.

முந்நூறு கிராம் குறைவு. அன்று மாலை வந்த அக்காவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

"ரெண்டு ஸ்வெட்டர் போட்டு விடுங்க தம்பி. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணி. முந்நூறு கிராம் என்ன, அரைக் கிலோவே வரும்."

மெக்கானிக்கின் பார்வை ஆணியில் தொங்கிய கம்பளி ஸ்வெட்டர் மேல் போய் நின்றதை மனைவி பார்த்துவிட்டாள்.

"பெட்டிக்கு அடியில கை கொடுக்கிறவங்களை எத்தனை பேரை நான் வரிசையில நிக்க வச்சுக் கேட்டிருக்கேன். நானே போய் அதைச் செய்யவா? கத்தி வைக்கப்போறது ஸ்வெட்டர் மேல இல்ல அக்கா, என் மேல. அவங்களுக்கு என் எடை தெரியணும்."

"குழாய் போட்டுட்டா?"

"போட்டா போடட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதுபோல ஜன்னலைச் சாத்தப் போனாள். மெக்கானிக் மட்டும் அவள் கொக்கியை மாட்ட இரண்டு முறை முயன்றதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்து நாலு அறுநூறு காட்டியது. டாக்டரம்மா கடிதத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார்.

"வீட்டுல எவ்வளவு இருந்துச்சு?"

"எழுநூறு. வெள்ளிக்கிழமை, வெறும் வயித்துல. உங்க தராசு நூறு கிராம் கம்மியா காட்டுதா, இல்ல நான்தான் குறைஞ்சேனான்னு தெரியல. வழியில ரெண்டு மாடி ஏறி வந்தேன், உங்க லிஃப்ட் நிக்குது."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அது அவர் பார்க்கும் லிஃப்ட் இல்லை என்றாலும் வெட்கமாக இருந்தது.

"எடை பாக்கற நாள்ல பாதிப் பேர் வயித்துல ரெண்டு லிட்டர் தண்ணியோட வருவாங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "நீங்க எதுவும் குடிச்சிட்டு வரலையா?"

"வரல."

"ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். மெக்கானிக் எழுந்து நின்று, திங்களிலிருந்து வெள்ளி வரை, கிராம் கணக்கோடு, நிமிடக் கணக்கோடு சொன்னார். வெண்ணெயில் தொடங்கி முட்டைக்கு வரும்போது டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தஞ்சுன்னு நான்தான் எழுதினேன். அதை நான் தனியா மாத்த முடியாது. மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் பேசணும். முடிவு என்னவா இருந்தாலும் கடிதத்துல வரும்."

வீடு திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஜன்னல் வழியே ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றிரவு பாத்திரத்தில் மூன்று முட்டை கூடுதலாக விழுந்தது. "கடிதம் எழுதறதுக்குள்ள நாற்பத்தஞ்சு ஆக்கிடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். தபால் பெட்டியை அவர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பார்த்தார். மே நாலாம் தேதி எடை 44.9. திங்கள், செவ்வாய் கடிதம் இல்லை.

அடுத்த நாள் மாலை பெட்டியில் உறை இருந்தது. அவள் பெயருக்கு வந்த உறை என்பதால் அவர் பிரிக்கவில்லை. ஐம்பத்து நாலு படியையும் நிற்காமல் ஏறி, மேல்மூச்சு வாங்க அவள் கையில் கொடுத்துவிட்டு, செய்வதறியாமல் அடுப்பைப் பற்றவைத்தார். முதுகுக்குப் பின்னால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்றார், திரும்பாமல்.

"ஜூன் நாலு, திங்கட்கிழமை. காலையில எட்டு மணிக்கு ஆபரேஷனாம்" என்றாள். "அதுவரைக்கும் ராத்திரி இதே சாப்பாட்டை, இதே ஆள் கையால சாப்பிடணுமாம்."

"அப்படியா எழுதியிருக்கு?"

"முதல் பாதி எழுதியிருக்கு."

அன்று தட்டு ஏழு நாற்பத்து நாலுக்குத்தான் வந்தது. நாலு நிமிடத் தாமதம். ஆஸ்பத்திரியின் அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி மே 9, புதன்கிழமை.